செர்ரி மரத்துக்கு வாங்கிய ஐஸ்

டெல்லியில் ஜனவரி மாதம் ஐஸ் பாளம் வாங்குவது இழவு வீட்டார் மட்டும்தான். அந்தப் பட்டியலில் செர்ரி வளர்ப்பவரையும் சேர்த்த பெருமை என்னுடையது.

எண்பதுகளின் தொடக்கம். கரோல் பாக்கில் தரைத்தள வாடகை வீடு. பத்திரிகை வேலையாகச் சிம்லா போன நான், பூவின் அழகுக்காகவே வளர்க்கும் செர்ரிக் கன்று ஒன்றைத் தொட்டியோடு வாங்கிவந்தேன். கடுங்குளிர் பட்டால்தான் மொட்டு விடும், டெல்லியில் பூக்காது என்றார் விற்றவர். (அந்த வயதில் யாராவது முடியாது என்றால் போதும் எனக்கு.)

அடுத்த குளிர்காலத்தில் திருச்சியிலிருந்து மாமனார் வந்தார். பத்திரிகைக்காரனுக்குப் பெண் கொடுத்ததில் அவருக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

"நீங்க ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள இது பூத்துடும் மாமா."

"டெல்லியிலயா?" என்றார். அந்த ஒரு சொல்லில் என் சம்பளமும் அடங்கியிருந்தது.

குளிர் போதவில்லை. (மூன்று ஸ்வெட்டர் போட்டிருந்த எனக்கல்ல, மரத்துக்கு.) தினமும் காலையில் ரிக்‌ஷாவில் ஐஸ் பாளம் வரவழைத்து, கோணியில் சுற்றிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டியைச் சுற்றி அடுக்கினேன். அதே நாட்களில் மாமனார் ஜலதோஷத்தில் படுத்துவிட்டதால் அவருடைய காலை நடை நின்றது. இரண்டையும் எதிர்வீட்டு சோப்ரா ஆன்ட்டி கவனித்துவந்தார். மதராசிகளின் உறவினர் ரயிலில் வந்துசேர இரண்டு இரவு ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே வாசலில் நின்றது. பெண்கள் தலையில் வெள்ளைத் துப்பட்டா. ஆன்ட்டி என் மனைவி சாவித்திரியைக் கட்டிக்கொண்டு அழுதார். காரணம் தெரியாமல் அவளும் அழுதாள். (அழுகிறவரைத் தனியாக விட அவளுக்கு மனம் வராது.) ஆன்ட்டியின் கணவர் என் தோளைத் தட்டி, "ஹிம்மத் ரக்கோ, பேட்டா" என்று தைரியம் சொன்னார். பாடைக்கு மூங்கில் சொல்லியாகிவிட்டது என்றும் தெரிவித்தார்.

அப்போதுதான் குரங்குக் குல்லாயும் கம்பளியுமாக மாமனார் உள்ளறையிலிருந்து வந்தார்.

"சாவித்திரி, காபி என்னம்மா ஆச்சு?" கூட்டத்தைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "யாரு போயிட்டா, மாப்பிள்ளை?"

செய்தியாளன் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

"நீங்கதான் மாமா."

எல்லாரையும் பின்கட்டுக்கு அழைத்துப்போய் மரத்தையும் ஐஸையும் காட்டினேன். துக்கம் கேட்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு கலைந்தார்கள். மாமனார் மட்டும் தொட்டியருகே வெகுநேரம் நின்றார். இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார் என்றே நினைத்தேன்.

"ஐஸ் கரைஞ்சு போச்சு. இன்னொரு பாளம் வாங்குங்க" என்றார். "இதுக்காக நான் செத்தே போயாச்சு. பூக்காம ஊருக்குப் போறதா இல்ல."

டிக்கெட்டை ரத்து செய்தார். பிப்ரவரி கடைசியில், இளஞ்சிவப்பில், ஒரு கைக்குள் அடங்கும் அளவுக்குப் பூத்தது. ஐஸ் காரணமா, அந்த வருஷத்துக் குளிர் காரணமா, அறியேன். பூத்தது, அதைத் தெருவே வந்து பார்த்தது. ஆன்ட்டி லட்டு கொண்டுவந்தார்.

அதன்பின் எந்தக் கல்யாணப் பந்தியிலும் மாமனார் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்தினார்: "இவர்தான் நம்ம மாப்பிள்ளை. டெல்லியில செர்ரி பூக்க வச்சவர். என்ன, நான் செத்ததுக்கு அப்புறம்தான் பூத்துது."