தூக்கத்தில் என் பங்கு

அண்ணனோடு நானும் போவதென்று முடிவெடுத்துவிட்டேன். வெளியூரில் எங்கள் ரொட்டிக்கடைக்கு ஒரு கிளை. அண்ணனும் அண்ணியும் ஒரு வருஷம் அங்கேயே தங்கி அதை நிலைக்க வைக்க வேண்டும். கூட ஒரு ஆள் தேவை. "நான் வர்றேண்ணே" என்று மார்தட்டினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் போகவே ஆசையில்லை. "போகாதீங்க" என்று என் மனைவி ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து "சாப்பிட வாங்க" என்றிருக்கிறாள், "தள்ளி நில்லுங்க" என்றிருக்கிறாள். நீங்கள் இல்லாமல் முடியாது என்று மட்டும் சொன்னதில்லை. அதற்காக ஏங்கிப்போயிருந்தேன்.

அவளோ விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அங்க குளிரும். ஸ்வெட்டர் எடுத்து வைக்கணும்" என்றாள்.

நேராகக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இதிகாசத்தை இழுத்தேன்.

"அண்ணன் காட்டுக்குப் போனப்ப தம்பியும் கூடவே போனான், தெரியுமில்ல?"

"தெரியும். பாவம், அவன் பொண்டாட்டி."

எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்றது. "ஏன் பாவம்?"

"அவன் பாட்டுக்குக் கிளம்பிட்டான். இவ அரண்மனையில தனியாக் கிடந்தா. கதையில அவளைப் பேசவே விடல."

"அவன் மட்டும் சும்மாவா இருந்தான்? ராப்பகலாக் கண்ணு மூடாமக் காவல் காத்தான். அவன் பங்குத் தூக்கத்தையும் இவதான் தூங்கினாளாம்."

"நீங்க அடுப்புல ரொட்டியை வெச்சுட்டுத் தூங்குவீங்க. போன வாரம்கூடக் கரியாக்கினீங்க."

பேச்சு கைவிட்டுப் போவதாகத் தோன்றியது. அவசரமாக இழுத்துப் பிடித்தேன்.

"அதை விடு. அவ மட்டும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, கதையே மாறியிருக்கும்."

"கேட்டா சரின்னிருப்பானா?"

"தட்டியிருக்கவே மாட்டான்."

"நீங்களா இருந்தா?"

"நானும்தான். சத்தியமா."

அவள் கையிலிருந்த மாவை உதறினாள். என் முகத்தையே பார்த்தாள். கண் லேசாகக் கலங்கினமாதிரிகூட இருந்தது. ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டேன்.

"அப்ப நான் கேக்குறேன்."

"கேளும்மா."

"நான் போறேன். நீங்க இருங்க."

"என்னது?"

"அங்க மாவு பிசையத்தான் ஆள் வேணும், கரியாக்க இல்ல. உங்க அண்ணி அன்னிக்கே என்னைக் கூப்பிட்டாங்க. உங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னு முழிச்சிட்டிருந்தேன்."

"கதையில அப்படி இல்லியே."

"கொடுத்த வாக்கைக் காப்பாத்தறதுதானே கதையே."

போய்விட்டாள். ஸ்வெட்டரும் அவளோடுதான் போனது.

தள்ளி நிற்கச் சொல்ல ஆளில்லாமல் சமையலறை முழுக்க இப்போது எனக்கே. நடுவில் நின்று பார்த்தேன், நன்றாகவே இல்லை. ரொட்டி கரிவதில்லை, ஏனென்றால் படுத்தால் கண் மூடுவதில்லை. அவள் குரலையாவது கேட்கலாமென்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் போட்டேன். அண்ணி எடுத்தார்.

"அவ அசந்து தூங்குறா தம்பி. வந்ததிலேருந்து ரெண்டு ஆள் தூக்கம் தூங்குறா. எழுப்பட்டுமா?"

"வேண்டாம் அண்ணி. அதுல பாதி என்னுது."