மைனர் பெருமாள்மலைக்குப் புல் வெட்டப் போனது

பெருமாள்மலை,
18-11-1958.

பழனி அடிவாரம் இரும்புக்கடை உயர்திரு குருநாதன் மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, பெருமாள்மலை பூண்டு மண்டி சேனாதிபதி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும், தங்கள் தங்கை சிவபாக்கியமும், எட்டுக் கோவேறு கழுதைகளும் சௌக்கியம். அங்கே தங்கள் குடும்பத்தார் அனைவரும் அதேபோல் சௌக்கியமாக இருக்க மலைமேல் நிற்கிறவன் அருள வேண்டும்.

நடந்தது இதுதான். தாங்கள் எனக்கு விற்ற புல் வெட்டும் மிஷின், போன வெள்ளிக்கிழமை காலையில், என் கழுதை மைனரின் பின்னால் கட்டியபடி செண்பகனூர் பங்களாவை விட்டுத் தானாகக் கிளம்பி, மலை ரோட்டில் இறங்கி, பெருமாள்மலைக்கு வந்து என் மண்டித் தராசில் ஏறி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. டேலியாப் பூப்பாத்தி ஒன்று போயிற்று. இதற்கு மேல் அடிவாரத்தில் பேசிக்கொள்வதெல்லாம் கட்டுக்கதை. மிஷின் எந்தப் பாதிரியாரையும் துரத்தவில்லை. பஸ்ஸின் டயரைச் சீவவில்லை. நான் ரோட்டில் விழுந்து அழவும் இல்லை.

தங்கள் கடிதம் வந்தது. கழுதை ஓட்டிப் பிழைத்தவனுக்குப் புல்தரை வைத்த பங்களா எதற்கு, அந்த வீட்டுத் துரைசானியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு அச்சாரத்தைத் திரும்ப வாங்கு, விற்ற மிஷினை நான் திருப்பி எடுக்க மாட்டேன், ஊரே சிரிக்கிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஊர் சிரிக்கட்டும் மச்சான். நான் பூம்பாறையிலிருந்து தலைச்சுமையாகப் பூண்டு இறக்கின காலத்திலும் சிரித்தார்கள். முதல் கழுதை வாங்கினபோது, முதலாளி யார் கழுதை யார் என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர்கள் வீட்டு ரசத்தில் இன்றைக்குக் கொதிக்கிறது என் பூண்டுதான். மன்னிப்பும் கேட்க மாட்டேன், அச்சாரமும் வாங்க மாட்டேன்.

அந்த வீடு எதற்கு என்று கேட்டீர்களே, அதைத் தங்கள் தங்கையிடம் கேட்டிருக்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் மண்டிக்கு மேலே உள்ள ஒற்றை அறையில்தான் குடித்தனம். கீழே பூண்டு, மேலே நாங்கள். சேலையில் பூண்டு, தலைமுடியில் பூண்டு, பாலைக் காய்ச்சினால் பாலில் பூண்டு. போன தையில் ஒருநாள் தலையணையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஏங்க, மோந்து பாருங்க. பூண்டு வாசம் இல்லாத தலகாணில ஒரு நாளாச்சும் தல வைக்கணுங்க. வேற நகநட்டு ஒண்ணும் கேக்கல" என்றாள். நகை கேட்டிருந்தால் பேரம் பேசியிருப்பேன். இதில் பேரம் பேச என்ன இருக்கிறது? செண்பகனூரில் ஹாட்லி துரைசானியம்மா சீமைக்குத் திரும்புகிறார், பங்களா விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு அன்றைக்கே அச்சாரம் கொடுத்தேன்.

ஆனால் அந்த அம்மா லேசுப்பட்டவர் இல்லை. வீட்டை ஒட்டிச் சரிவாக ஒரு புல்தரை, பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி. பட்டணத்து ஓட்டல்காரர் ஒருவரும் அந்த வீட்டைக் கேட்கிறார், அவருக்குப் புல்லைச் செதுக்கிக் கார் நிறுத்த உத்தேசம். ஆகவே அம்மா எனக்கு ஒரு பரீட்சை வைத்தார். தாம் பட்டணம் போய்க் கப்பல் டிக்கெட் எடுத்து வரும்வரை வீட்டுச் சாவி என்னிடம் இருக்கும், திரும்பி வரும்போது புல் இதேபோல் இருந்தால் பத்திரம் எனக்கு, இல்லாவிட்டால் ஓட்டல்காரருக்கு. சரியென்று தலையாட்டினேன். புல் வெட்டுவது ஒரு வித்தையா என்று நினைத்தது என் புத்தி.

ஐப்பசி மழை பிடித்தது. புல் ராத்திரியில் வளர்ந்து காலையில் என்னைப் பார்த்து ஆடியது. முதலில் எருமைக்குப் புல்லறுக்கிற ராக்காயியைக் கூப்பிட்டேன். அரிவாளால் அறுத்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோனாள். அறுத்த இடத்தைப் பார்த்தால், புது நாவிதன் கையில் அகப்பட்ட தாடை மாதிரி அங்கங்கே குத்திக்கொண்டு நின்றது. அடுத்தது பாச்சலூரிலிருந்து சரக்கு கொண்டுவருகிற ஆளின் ஆடுகளைப் பட்டி போட்டுப் பார்த்தேன். ஆடுகள் அம்மாவின் ரோஜாவை வெரசாகத் தின்றுவிட்டுப் புல்லின் மேல் படுத்து அசைபோட்டன. அதற்கப்புறம்தான் மிஷின் வேண்டும் என்று தங்கள் கடைக்கு வந்தேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். தங்கள் கடையில் இரண்டு மிஷின் இருந்தன. ஒன்று சின்னது, ஒரு ஆள் தள்ளுகிறது, துரைமார் தோட்டத்துக்கென்றே செய்தது. இன்னொன்று கீழ்நாட்டுக் கிளப் ஒன்றின் பந்து மைதானத்திலிருந்து ஏலத்தில் வந்தது, ஆனைக்குட்டி மாதிரி. தாங்கள் இரண்டையும் தூக்கிப் பார்க்கச் சொன்னீர்கள். சின்னதைக் காட்டி, "இதுல இரும்பே இல்ல மாப்ள, தகரம். பெருசத் தூக்கிப் பாரு, கனத்தப் பாரு" என்றீர்கள். நானும் கனத்தைப் பார்த்தேன். கடப்பாரையும் கொழுவும் நிறுத்து விற்கிறவர் தாங்கள், பூண்டும் உருளையும் நிறுத்து வாங்குகிறவன் நான். புல் எவ்வளவு ஒட்ட வெட்டும், எத்தனை அகலம் வெட்டும், சரிவில் நிற்குமா என்று நம் இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரு கேள்வி வரவில்லை. தாங்கள் எடை பார்த்து விற்றீர்கள், நான் எடை பார்த்து வாங்கினேன்.

மரப்பெட்டியோடு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, பெட்டியைப் பிரித்துப் புல்லில் இறக்கினால், நானும் கழுதைக்கார மலைச்சாமியும் சேர்ந்து தள்ளியும் அது ஒரு முழம் போய் உட்கார்ந்துகொண்டது. மேட்டில் ஏறாது, சரிவில் நிற்காது. அப்போது மலைச்சாமிதான், இழுக்கிறதுக்குத்தானே எட்டு உருப்படி கெடக்கு என்றான். மைனரைத் தேர்ந்தெடுத்தோம், நம்மிடம் உள்ளதில் அதுதான் நிதானம், அதுதான் பலம். சிவபாக்கியம் ஒரு சங்கடம் சொன்னாள். மழை ஈரத்தில் கழுதை மிதித்தால் குளம்பு பட்ட இடமெல்லாம் குழியாகும் என்று. சொன்னதோடு நிற்காமல், மைனருக்கு நாலு காலுக்கும் சாக்கை வெட்டி, உள்ளே கம்பளி வைத்துத் தைத்து, கணுக்காலில் நாடா கட்டிச் சப்பாத்து மாதிரி போட்டுவிட்டாள். கம்பளி எங்கே கிடைத்தது என்று பிறகுதான் தெரிந்தது. கல்யாணத்துக்குத் தாங்கள் எனக்குப் போட்ட கோட்டு.

நல்ல காரியம் தொடங்க வெள்ளிக்கிழமைதான் என்று சிவபாக்கியம் பிடிவாதம். இந்தக் குடும்பத்தில் யாருக்கும் தோன்றாத விஷயம், மைனர் பூண்டு சுமந்து மண்டிக்கு வருகிற நிறுவை நாளும் வெள்ளிக்கிழமைதான். வெள்ளனே பங்களாவுக்குப் போனோம். மைனருக்குப் பொட்டு, மிஷினுக்குப் பொட்டு, தேங்காய் உடைத்தோம். கயிற்றை இறுக்கிக் கட்டி, நான் என் கையாலேயே முதுகில் தட்டி, போ ராசா என்றேன். இத்தனை வருஷமாக வெள்ளிதோறும் கயிற்றை இறுக்கி முதுகில் தட்டினால் மைனர் எங்கே போகும்? பெருமாள்மலைக்குப் போகும். அதற்கு வேறு ஊர் தெரியாது.

முதல் பாய்ச்சல் அழகாக இருந்தது மச்சான், பொய் சொல்ல மாட்டேன். புல் மழை மாதிரித் தெறிக்க, பட்டு வேட்டியை விரித்த மாதிரி ஒரு வரி விழுந்தது. நாங்கள் கைதட்டினோம். ஓரத்துக்கு வந்ததும் திரும்ப வேண்டும். அது திரும்பவில்லை. டேலியாப் பாத்தியை அதே மட்டத்துக்கு வெட்டியபடி நேரே போய், கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கிவிட்டது. கூப்பிட்டோம், மலைச்சாமி ஓடினான், கேட்கவில்லை. தார் ரோட்டில் அந்த மிஷின் போட்ட சத்தத்துக்கு செண்பகனூர்க் கடைக்காரர்கள் பலகையை எடுத்து மூடினார்கள். அந்த வழியாக வந்த உருளைக்கிழங்கு லாரியை மறித்து, நானும் தங்கள் தங்கையும் ஏறிக்கொண்டு விரட்டினோம். வளைவுக்கு வளைவு மைனர் தெரிகிறது, எட்ட முடியவில்லை. முன்னால் ஒரு பஸ் வழி விடவில்லை.

மண்டிக்குப் போய்ச் சேர்ந்தால், மைனர் எங்களுக்கு முன்பே தராசுப் பலகையில் ஏறி, சரக்கு இறக்குவதற்காகக் கண்ணை மூடி நின்றிருக்கிறது. கணக்குப்பிள்ளை செல்லப்பாண்டி கழுதையை அவிழ்த்து ஓரமாகக் கட்டிவிட்டு, மிஷினை மட்டும் பலகையில் வைத்து நிறுத்துக்கொண்டிருக்கிறான். என்னைக் கண்டதும், "மொதலாளி, பூண்டு வரல. இரும்புதான் வந்திருக்கு. நிறுத்துட்டேன்" என்றான். என்னடா சோலி இது என்று திட்ட வாயெடுத்தவன், அவன் சொன்ன எடையைக் கேட்டு வாயை மூடினேன். தங்கள் கடையில் நிறுத்த எடைக்கும் இதற்கும் அது வந்த மரப்பெட்டி அளவு வித்தியாசம். மச்சான், நான் ஏழை சம்சாரியிடம் பூண்டு வாங்கினாலும் சாக்கு எடையைக் கழித்துத்தான் கணக்குப் போடுவேன். தாங்கள் தங்கை புருஷனுக்குப் பெட்டியோடு சேர்த்து நிறுத்திருக்கிறீர்கள்.

அந்தச் சமயம் பார்த்து, கோடை ரோடு ரயிலடியிலிருந்து வந்து காபிக்கு நின்ற பஸ்ஸிலிருந்து, தம்ளரும் கையுமாக இறங்கி வந்தவர் ஹாட்லி துரைசானியம்மா. பொட்டு வைத்த மிஷினைப் பார்த்தார். மைனரைப் பார்த்தார். கத்தியில் சிக்கியிருந்த டேலியாவைப் பார்த்தார், அது அவருடைய டேலியா என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? என் வீடு போச்சு என்று நினைத்தேன். அவர் குனிந்து மைனரின் காலைத் தொட்டு, "இந்தச் சப்பாத்துகளைத் தைத்தது யார்?" என்று கேட்டார். சிவபாக்கியம் எனக்கு முன்னால் வந்து, "நாந்தாம்மா. கொளம்பு பட்டா உங்க புல்லு நோகும்ல" என்றாள். அம்மா காபித் தம்ளரைக் கொடுத்துவிட்டு, புதன்கிழமை பதில் சொல்கிறேன் என்று பஸ் ஏறிவிட்டார்.

நாளைக்குப் புதன்கிழமை. அவர் இல்லை என்றால் இல்லை. நான் யார் காலிலும் விழப்போவதில்லை, தாங்கள் எழுதிய புத்திமதியில் ஒன்றையும் கேட்கப்போவதில்லை. இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மிஷினை இந்த ஜென்மத்தில் தொட மாட்டேன். மைனரைப் பங்களாப் பக்கம் விட மாட்டேன். தங்கள் கடைப் படியை மிதிக்க மாட்டேன், ஒரு ஆணி வேண்டுமென்றாலும் திண்டுக்கல் போய் வாங்கிக்கொள்வேன். மிஷினை வருகிற லாரியில் அனுப்புகிறேன், எடுக்க மாட்டேன் என்றால் கடை வாசலில் இறக்கிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை மண்டி முற்றத்தில் கிடக்கும், கோழி ஏறி உட்காரும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, வருத்தம் இல்லை.

இப்படிக்கு,
சேனாதிபதி

பின்குறிப்பு: தபால் பஸ் தப்பிவிட்டதால் புதன்கிழமை மாலை இதை எழுதுகிறேன். துரைசானியம்மா காலையில் வந்தார். அவர் ஊரில் பெரிய புல்தரைகளில் மட்டக்குதிரைக்குத் தோல் சப்பாத்து மாட்டித்தான் மிஷின் இழுப்பார்களாம், சின்ன வயசில் பார்த்தது, இங்கே பார்ப்போம் என்று நினைக்கவில்லையாம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் கழுதைக்குச் சப்பாத்து தைத்தவள் கையில்தான் புல் இருக்க வேண்டும் என்று ஓட்டல்காரருக்குக் கடிதம் போட்டுவிட்டார். வீடு நமக்குத்தான், முன்பு பேசிய அதே விலைக்கு. நிபந்தனை ஒன்றுதான். அவர் கப்பலேறும் வரை மைனர் சப்பாத்தோடு புல் வெட்ட வேண்டும், அவர் வராந்தாவில் உட்கார்ந்து பார்ப்பார். சரி என்றேன், வெள்ளி தவிர எந்த நாளும். மிஷினைச் சாணை பிடிக்கக் கொடுத்தாயிற்று. தங்கள் தங்கை நேற்றே தலையணைக்குப் புது உறை தைத்துவிட்டாளாம், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

பக்கத்து இரண்டு பங்களாக்காரர்களும் மைனரை வாடகைக்குக் கேட்கிறார்கள். மைனர் அங்கே போகிற நாளில் நம் புல்லுக்கு வேண்டும், ஆகவே தங்கள் கடையில் உள்ள அந்தச் சின்ன மிஷினையும் உடனே அனுப்பவும். வருகிற தையில் பால் காய்ச்ச, நானே கடைக்கு வந்து வெற்றிலை வைத்து அழைப்பேன். இன்னும் நாலு சப்பாத்துக்குக் கம்பளி வேண்டும் என்று சிவபாக்கியம் சொல்கிறாள், தங்கள் கோட்டு ஒன்றையும் சேர்த்துக் கட்டவும். எடை விஷயத்தைச் செல்லப்பாண்டியின் தம்பி அடிவாரத்துக்கு வந்து சொன்னானாம், அவன் மூலம் தாங்கள் சொல்லியனுப்பியபடியே பெரிய மிஷின் கணக்கை முடித்துக்கொள்வோம்: லாரிச் செலவு தங்களுடையது, பெட்டி கழிவு, விலை தாங்கள் சொன்னது, எடை என் தராசு சொன்னது.