ஆறட்டும் ஆசானும் காணாமல் போன தண்ணீரும்

திருவனந்தபுரத்தில் எதற்குமே அவசரப்படாத ஒரே மனிதர் ஆறட்டும் ஆசான்தான். அவர் யானை வளர்த்திருந்தால் பரவாயில்லை. கார் மெக்கானிக்காக இருந்தார். கஷ்டம் அங்கேதான்.

கரமனை ஆற்றுக்குப் போகும் ஒரு சந்தில் அவருடைய ஒர்க்ஷாப். தகரக் கூரை. ஒரு பலாமரம். மரத்தடியில் எப்போதோ செத்துப்போன ஒரு காரின் பின்சீட். ஆசானுக்குச் சொந்த ஊர் குழித்துறைப் பக்கம். நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. எந்த வண்டி வந்தாலும் பானட்டின்மேல் புறங்கையை வைப்பார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல. "ஆறட்டும்" என்பார். போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வார். எஞ்சின் கிணற்றுக் கல்போலக் குளிர்ந்த பிறகுதான் பானட்டைத் திறப்பார். அதற்கு மூன்று மணி நேரம் ஆகும். மேட மாசம் பிறந்து வெயில் ஏறிவிட்டால் நாலு.

ஒருமுறை கல்யாணக் கார் ஒன்று ஆவி கக்கிக்கொண்டு வந்தது. உள்ளே மாப்பிள்ளை, நெற்றியில் சந்தனத்தோடு. "ஆசானே, முகூர்த்தம் பதினொந்நு மணிக்கா!" என்று மாப்பிள்ளையின் மாமன் கத்தினார். "ஆறட்டும்" என்றார் ஆசான். மாப்பிள்ளை ஆட்டோவில் போனார். கார் ஆறி, சரியாகி, மண்டபம் போய்ச் சேர்ந்தபோது எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

போலீஸ் ஜீப் வந்தபோதும் அதே கதைதான். எஸ்.ஐ. மீசையைத் தடவி, "ஞான் ஆராணெந்நு அறியாமோ?" என்றார். "ஆறட்டும் சார்" என்றார் ஆசான். ஜீப்பைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா என்று தெரியாமல் எஸ்.ஐ. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் ஆட்டோ பிடித்தார்.

ஆசான் டீயையும் அப்படித்தான் குடிப்பார். ஆடை படிந்து, அது சுருங்கி, ஈ வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு.

அதனால் அவரோடு யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார்கள். கூட வேலைக்கும் ஆள் கிடையாது. உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். எனக்குப் போக இடம் இல்லை.

நான் ஓட்டுவது வலியசாலையில் ஒரு மாமியின் டாக்சி. அவர் கணவர் வாங்கிப் போட்டுவிட்டுப் போன பழைய டீசல் கார். ஸ்டாண்டு தம்பானூரில். படுக்கை மாமி வீட்டுப் பின்பக்கத்து ஷெட்டில், காருக்குப் பக்கத்தில். எனக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஊரில் இப்போது யாரும் இல்லை.

அந்தக் காருக்கு ஒரு சீக்கு வந்தது. தண்ணீர் காணாமல் போயிற்று. எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் பச்சைக் கூலன்ட்தான். ஊருக்குள் ஓடினால் ஒரு சொட்டு குறையாது. பொன்முடி ஏறி இறங்கினால் ஒரு லிட்டரைக் காணோம். அடியில் குனிந்து பார்த்தால் தரை காய்ந்து கிடக்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. ஆயிலில் கலக்கவில்லை. பிறகு எங்கேதான் போகிறது?

மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். ஒருவர் ரேடியேட்டரை மாற்றினார். ஒருவர் வாட்டர் பம்பை மாற்றினார். மூன்றாமவர் என் வாயைப் பார்த்தார். "சத்தியம் பற, நீ குடிக்குந்நுண்டோ?" என்றார்.

மலைப்பாதையில் இரண்டு தடவை வண்டி சூடேறி நின்றது. இரண்டாம் தடவை சவாரிக்காரர்கள் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றார்கள். அந்தப் பாதையில் பஸ் அபூர்வம். நின்ற நேரத்தில் மாமிக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

மாமி என்னைக் கூப்பிட்டார். "இதோ பாருடா. இன்னொரு தடவை வழியில நின்னுதுன்னா பழைய இரும்பு எடுக்கற ஆக்ரிக்காரனைக் கூப்பிட்டுடுவேன். எடைக்குப் போட்டு எடுத்துண்டு போகட்டும்."

"அப்ப நான், மாமி?"

"உன்னை எதுக்குடா எடைக்குப் போடணும்? நீ வேற வேலை பாத்துக்கோ. ஷெட்டை அடுத்தாத்துல ஸ்கூட்டர் வைக்கக் கேட்டுண்டே இருக்கா."

கார் போனால் வேலை போகும். வேலை போனால் ஷெட் போகும். ஷெட் போனால் எனக்குத் திருவனந்தபுரமே போகும். அப்படித்தான் ஆசானிடம் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாள் பின்சீட்டின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி நேரத்தில் பேசியது இவ்வளவுதான்.

"ஊரு?"

"சங்கரன்கோயில்."

"அங்க மழை உண்டா?"

"கெடையாது."

இரண்டாம் நாள் காருக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வைத்தார். தண்ணீர் சொட்டினால் தடம் தெரியும். மறுநாள் பேப்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நாலு பக்கமும் பார்த்தார்.

"என்ன ஆசானே?"

"ஒரு நியூசும் இல்லடேய்."

அப்புறம் பவுடர் டப்பா வாங்கி வரச் சொன்னார். "மூஞ்சிக்கு போடுகதாக்கும். நல்ல மணம் உள்ளதா பாத்து வாங்கு." எஞ்சினில் கைக்கு எட்டிய இடமெல்லாம் அப்பினார். கசிந்தால் பவுடர் நனையும். நனைந்த இடம் தெரியும். அப்படியே போய் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். பின்னால் ஏறிய ஒரு அம்மா மூக்கை உறிஞ்சி, "சேட்டா, வண்டியில் குஞ்ஞுண்டோ?" என்று சீட்டுக்கு அடியில் பிள்ளையைத் தேடினார். திரும்பி வந்தேன். ஆறட்டும் என்றார். ஆறிற்று. திறந்தார். பூசிய பவுடர் பூசிய இடத்தில் இருந்தது. எஞ்சின் கல்யாணப் பெண்ணைப்போலச் சிரித்துக்கொண்டிருந்தது.

இப்படியே இரண்டு வாரம் போனது. குறைவது கூடிக்கொண்டே வந்தது. பொன்முடி உச்சியில் சவாரிக்காரர்கள் மூடுபனியைப் பார்த்து வாயைப் பிளக்கும் நேரத்தில் நான் ரகசியமாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்வேன். ஒரு சவாரியில் சின்னப் பெண் ஒன்று, "அம்மே, பாயசம் மணக்குந்நு" என்றது. அம்மா அதன் தொடையில் கிள்ளினாள். அதையும் ஆசானிடம் சொன்னேன். அன்றுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"எங்க வச்சு?"

"பதினாறாம் வளைவு தாண்டி. காருக்குள்ள."

"நல்லா சூடாயிருக்கும்போ."

"ஆமா."

கூலன்டுக்கு இனிப்பு மணம் உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடாகும்போது மட்டும் எங்கோ ஒரு வாய் திறக்கிறது. ஆறினால் மூடிக்கொள்கிறது. நாங்களோ இரண்டு வாரமாக ஆறிய எஞ்சினை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த சீக்கு இந்த டாக்டரிடம் நூறு வருஷம் ஆனாலும் அகப்படாது.

"சூடா இருக்கும்போதே ஒருக்கா தொறந்து பாத்துட்டா என்ன ஆசானே?" என்றேன்.

அவர் பலாமரத்தைப் பார்த்துப் பேசினார்.

"பண்டு கூட ஒருத்தன் உண்டும். ராசப்பன். நல்ல வேலைக்காரன். ஒரு வண்டி அவசரமா வந்துது. நாந்தான் சொன்னேன், ம், தொறடேய்னு. அவன் ரேடியேட்டர் மூடியத் தொறந்தான்."

"பொறவு?"

"கண்ணு போச்சு. ரெண்டும்."

"இப்ப எங்க இருக்காரு?"

"ஊர்லதான். பதினெட்டு வருசம் ஆச்சு. நான் போனா வாசல்ல இருந்து எந்திச்சு உள்ள போயிருவான். என் நடை சத்தம் அவனுக்குத் தெரியும்."

நான் பின்சீட்டில் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை மாமி ஒரு சவாரி பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பொன்முடி. ஆறு பேர், ஆறு பேருக்கும் தடித்த உடம்பு. நான் ஆசானிடம் போய்ச் சொன்னேன். "ஞாயித்துக்கெழம நின்னுட்டா ஆக்ரிதான். பரவாயில்ல ஆசானே. தம்பானூர்ல ஏதாச்சும் ஓட்டல்ல தட்டு கழுவிக்கிடுதேன். நீங்க வெசனப்படாதீங்க."

ஆசான் டீயை எடுத்தார். குடிக்காமல் வைத்தார். "நாளைக்கு காலத்த ஆறு மணிக்கு வண்டிய கொண்டுவா" என்றார்.

சனிக்கிழமை காலை போனால் ஆளை அடையாளம் தெரியவில்லை. தலையில் ஹெல்மெட். அதற்குள் வெல்டிங் கண்ணாடி. முழங்கால்வரை மழைக் கோட்டு. முழங்கைவரை கையுறை. தோளில் நனைத்த சாக்கு. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

"மழை வருமா ஆசானே?"

"வண்டிய எடுடேய்."

முன்சீட்டில் அப்படியே உட்கார்ந்து வந்தார். செக்போஸ்ட்டில் காவலுக்கு நின்றவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இதாரு?"

"மெக்கானிக் சாரே."

"எவிடத்தெ? சந்திரனிலெயோ?"

வளைவுகள் தொடங்கின. நான் எண்ணிக்கொண்டே போனேன். பதினேழாம் வளைவில் சூட்டு முள் ஏறியது. பாயச மணம் வந்தது.

"நிறுத்து. எஞ்சினை அணைக்காத. நீ எறங்கி மேல போய் நில்லு."

நாற்பது அடி போய் நின்றேன்.

"இன்னும் போ!"

போனேன்.

"இன்னும்!"

"இதுக்கு மேல பள்ளம் ஆசானே!"

"அப்ப அங்கேயே நில்லு! திரும்பி நில்லு! மூஞ்சியக் காட்டாத!"

பாதி திரும்பி நின்றேன். மீதிக் கண்ணால் பார்த்தேன். ஒரு வேன் வந்து நின்றது. கல்லூரிப் பையன்கள். "சேட்டா, ஷூட்டிங்காணோ? ஹீரோ ஆரா?" நான் ஆசானைக் காட்டினேன். செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

ஹீரோ பானட்டின் முன்னால் நின்றார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். எனக்கு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவரத் தோன்றியது. வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன். அதற்குள் திறந்துவிட்டார்.

ரேடியேட்டர் மூடிப் பக்கம் அவர் போகவில்லை. ஒரு குச்சியில் சவரக் கண்ணாடியைக் கட்டி எஞ்சினுக்குப் பின்னால் விட்டு டார்ச் அடித்தார். ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தார். வெல்டிங் கண்ணாடியில் உலகமே இருட்டு. அதையும் எறிந்தார். கையுறையில் டார்ச் வழுக்கியது. அதுவும் போயிற்று. மழைக் கோட்டு பானட் கம்பியில் மாட்டியது. பிய்த்து எறிந்தார். கடைசியில் வெறும் சட்டையோடு, வெறும் முகத்தோடு, கொதிக்கும் எஞ்சினுக்குள் குனிந்தார். பையன்கள்கூடப் படம் பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"கண்டேன்டேய்!"

"வரட்டா?"

"வராத!"

எஞ்சினை அவரே அணைத்தார். ரோட்டோரக் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தார். வேன் போயிற்று. என்னைக் கூப்பிட்டது மூன்று மணி நேரம் கழித்துத்தான்.

எஞ்சினுக்குப் பின்னால், கைக்கு எட்டாத இடத்தில், ஒரு இரும்புக் குழாய். அதில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். சூட்டில் விரிந்து பீடிப் புகைபோல ஆவி விட்டிருக்கிறது. சொட்டியது சைலன்சர் குழாயில் விழுந்து அங்கேயே பொரிந்துபோயிருக்கிறது. அதனால்தான் தரையில் ஈரம் இல்லை. அது ஹீட்டருக்குப் போகும் குழாய். காருக்குள் குளிர்காய்வதற்கு. திருவனந்தபுரத்தில் யாராவது ஹீட்டர் போட்டால் அடுத்து ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட்ட வேண்டும். அப்படி ஒன்று காரில் இருப்பதே எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. மூன்று மெக்கானிக்குக்கும் இல்லை. ஆசானுக்கும் இல்லை. விரிசல் விட்ட குழாயைக் கழற்றிவிட்டு, தண்ணீர் ஹீட்டருக்குப் போகாதபடி ஒரு ரப்பர் ஹோஸை வளைத்துப் பூட்டினார்.

மாமியிடம் போய்ச் சொன்னேன்.

"கண்டுபிடிச்சுட்டானா? என்னவாம்?"

"ஹீட்டர், மாமி."

"ஹீட்டரா? நம்ம வண்டிலயா? யாரைக் கேட்டுண்டு வச்சான்?"

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் ஏறினார்கள். மேலே போய் மூடியைத் திறந்து பார்த்தேன், ஆறவிட்டுத்தான். தண்ணீர் வைத்த கோட்டில் நின்றது. ஆக்ரிக்காரர் வரவில்லை. ஷெட்டில் ஸ்கூட்டர் வரவில்லை.

வண்டிக்குச் சீக்கு இல்லை என்றதும் எனக்கு ஒர்க்ஷாப் போகக் காரணமும் இல்லாமல் போயிற்று. ஒருநாள் சும்மா போனேன். என்னைக் கண்டதும் ஆசான் எழுந்தே வந்துவிட்டார். "என்னடேய், திரும்பவும் கொறையுதா?" முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இல்ல ஆசானே. நல்லா ஓடுது."

"ம்" என்றார். ஒரு மெக்கானிக்கின் முகம் இதற்காக வாடி நான் பார்த்ததில்லை.

பிறகு அந்த இடத்தில் ஃபிளாட் கட்ட வந்தார்கள். பலாமரத்தை வெட்டினார்கள். ஆசான் ஊருக்குப் போய்விட்டார்.

மாதம் ஒருமுறை தம்பானூர் ஸ்டாண்டில் இருந்து அவருக்குப் போன் போடுவேன்.

"ஆசானே."

"ம்."

"வண்டி நல்லா ஓடுது."

"ம்."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அந்தப் பக்கம் கோழி கத்தும். இந்தப் பக்கம் பஸ் கத்தும். சவாரி வந்து கண்ணாடியைத் தட்டும்வரை நான் போனை வைப்பதில்லை. அவரும் ஒருநாள்கூட முதலில் வைத்ததில்லை.