மஃப்டியின் ஒற்றை ஆள் போராட்டம்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் சாதாரண உடையில் வந்த போலீஸ் என்று நம்பிய ஒரே மனிதர், எங்கள் தெரு பஞ்சர் கடைக்காரர்தான். மீதிப் பாதி? அவர்கள் போலீஸுக்குத் துப்பு சொல்கிறவர்கள்! அதனால் அவருக்கு 'மஃப்டி' என்று பெயர் வைத்தோம். சொந்தப் பெயரைக் கேட்டால், "எதுக்குக் கேக்கறீங்க?" என்பார்.

ஒருமுறை காவி கட்டிய சாமியார் ஒருவர் கடையில் தண்ணீர் கேட்டார். மஃப்டி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "வெறுங்காலுதான். ஆனா ஷூ போட்ட தழும்பு கீது பாருங்க. டிபார்ட்மென்ட்டு ஆளு!" செங்கம் ரோட்டில் ரூம் எடுத்திருந்த வெள்ளைக்காரி சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தபோது, "வேஷம் ஜாஸ்தி" என்று முணுமுணுத்தார். என்னையும் விடவில்லை. நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், "எழுதி எங்க குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

இப்பேர்ப்பட்டவர் போராட்டத்தில் இறங்குவார் என்று யார் கண்டது! கடைக்குப் பின்னால் ஒரு குளம். எங்கள் தெருக் கிணறுகள் எல்லாம் அதை நம்பித்தான் இருந்தன. பௌர்ணமிக்கு வருகிற வண்டிகளை நிறுத்த இடம் வேண்டுமென்று அதில் லாரி லாரியாக மண்ணைக் கொட்ட ஆரம்பித்தார்கள். குளம் போனால் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். நாங்கள் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபடியே கொதித்தோம். மஃப்டி மட்டும் ஸ்டேஷனுக்குப் போய், தன்னந்தனியாக ஒருநாள் உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டார்.

"தீபம் வருதுய்யா, பந்தோபஸ்துக்கே ஆள் இல்ல" என்றார் எஸ்.ஐ.

தீபம் முடிந்ததும் போனார். "மந்திரி வர்றாரு. அப்புறம் வா."

மந்திரியும் வந்து போனார். மஃப்டி மறுபடியும் போய் நின்றார். "இப்பத்தான் ஒண்ணும் இல்லையே சார்?"

"அதான்யா, ஊரு அமைதியா இருக்குது. நீ ஏன் கெடுக்கறே?"

திரும்பி வந்தவர் என்னிடம் பொருமினார். "ஒத்த ஆளு உக்காந்தா தப்புன்றான். லட்சம் பேரு சேந்து நடந்தா பாதுகாப்பு குடுக்கறான். என்னா சார் நியாயம் இது?" பேசி முடித்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாதீங்க."

அடுத்த பௌர்ணமியன்று மத்தியானமே கூட்டம் நெருக்கியது. அது குளத்துப் பக்கம் வந்தபோது, நடுவிலிருந்து ஒரு கட்டைக் குரல் கேட்டது.

"குளத்தை மூடாதே!"

யார் எதைக் கத்தினாலும் பதில் சொல்லிப் பழகிய ஜனம் அல்லவா? "அரோகரா!" என்றது.

"மண்ணைக் கொட்டாதே!"

"அரோகரா!"

மஃப்டிக்கு வந்ததே வேகம்! ஆந்திராவிலிருந்து வந்த பஸ் கூட்டம் ஒன்று கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போயிற்று. எஸ்.ஐ. ஓடிவந்தார். "யோவ், கோஷம் போடறியா, சாமி கும்பிடறியா?"

"ரெண்டுல எதுக்கு சார் பர்மிஷன் வேணாம்? அதத்தான் செய்யறேன்."

அவரை மட்டும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போராடுகிறவர்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாப்பாடு போட்டு, சாயந்தரம் விடுவதுதானே வழக்கம்? ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்தில் ஒரே ஒரு ஆள், காவலுக்கு ஆறு போலீஸ்! நான் போனபோது மஃப்டி சாம்பார் சாதத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்த கான்ஸ்டபிளிடம், "முதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க" என்றார்.

எஸ்.ஐ. என்னை வாசலிலேயே மறித்தார். "நீங்க யாரு? இவரோட ஆளா? அப்படின்னா உங்க மேலயும் கேஸ் வரும்."

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மஃப்டி கத்தினார். "அய்யோ, இவரு யாருன்னே எனக்குத் தெரியாது சார்! புள்ளகுட்டிக்காரரு. வூட்டுக்கு அனுப்பிடுங்க!"

யாரையுமே நம்பாத மனுஷன், என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார். கேஸாவது ஒன்றாவது! அந்தப் பெரிய மண்டபத்தில் அவரைத் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை.

"அவரோட ஆளுதான் சார்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.