கருந்திரையாரும் ஆகாத கையும்

“எல்லாரும் கண்ணை மூடியாச்சா?”

“ஆச்சுங்கய்யா.”

“ஏதோ முனகல் கேக்குதே.”

“அது ஃபேனுங்க.”

“அதையும் நிறுத்துங்க.”

நிறுத்தினார்கள். அச்சகத்தின் கணினி அறையில் பக்கத்து மருந்துக்கடைக்காரர் வரைக்கும் வந்து நெருக்கியடித்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு வியர்த்தார்கள். எதிரே, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் கருந்திரையார். கருப்புத் திரையைத் திறந்து வெள்ளை எழுத்தில் கட்டளை போடுகிறவர் என்பதால் தெருவே கொடுத்த பட்டம் அது. பக்கம் அமைக்கும் மென்பொருள் வாராவாரம் திங்கட்கிழமை காலையில் காணாமல் போகும். இவர் வந்து முணுமுணுத்தால் திரும்பி வரும். பணக் கவர் கைமாறும். அடுத்த திங்கள் மறுபடி காணாமல் போகும். வைத்தியரின் மகிமைக்கு வேறென்ன சாட்சி வேண்டும், நோய்தான் தவறாமல் வருகிறதே.

“ஏங்கய்யா நிலைக்க மாட்டேங்குது?” என்றார் முதலாளி, கண்ணை மூடியபடியே.

“திரைக்கு ஆகாத கை ஒண்ணு இந்த ரூமுல இருக்கு.”

யாருடைய கை என்று அவர் சொல்லத் தேவையில்லை. போன வாரம் “என்ன டைப் பண்றீங்க?” என்று கேட்டவள் ஒருத்திதான். கணினியில் பக்கம் கட்டுகிறவள்.

“அடுத்த திங்களும் இதே கதைன்னா, நீ வேற இடம் பாத்துக்கம்மா,” என்றார் முதலாளி.

கூடப்பிறந்தவனுக்கு வேலை போன வீடு அவளுடையது. சம்பளம் என்று உள்ளே வருவது இந்த ஆகாத கையால்தான். அதனால், கூட்டத்தில் அவள் ஒருத்தி மட்டும் கண்ணை மூடவில்லை.

பார்த்தாள். கருந்திரையார் மென்பொருளின் பெயரைப் போட்டு, ‘இன்ஸ்டால்’ என்று ஒரு வரி அடித்தார். மீதியைக் கணினியே பார்த்துக்கொண்டது. எங்கிருந்தோ இறக்கி, தானே பொருத்தி, முடிந்தது என்று தானே சொன்னது. அவருடைய முணுமுணுப்புக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. பிறகு, எல்லாம் முடிந்தபின், இன்னொரு வரி அடித்தார். ஒவ்வொரு மெஷினிலும் அதே வரி.

அவர் போனதும் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற அண்ணனைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினாள்.

“வாராவாரம்… சண்டே நைட்டு… ரிமூவ்,” என்று எழுத்துக்கூட்டினார். “ரிமூவ்னா எடுத்துடறதுதானே?”

“ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூடக் கண்டுபிடிக்கிறவர் நீங்க. என்னைக் கேக்கறீங்களே அண்ணே.”

“இருந்தாலும் அவர் போட்ட ரிமூவும்மா. உள்ளர்த்தம் இருக்கும்.”

முதலாளியிடம் போனாள். “பெரியவர் போட்டதுல கை வைக்காதே,” என்றார் அவர்.

“சரிங்க. என் மெஷின்ல மட்டும் அந்த வரியை அழிச்சுடறேன். மத்ததுல அப்படியே இருக்கட்டும். திங்கக்கிழமை எல்லாம் படுத்துடும், என்னோடது மட்டும் ஓடும். தப்பாப் போச்சுன்னா நானே கிளம்பிடறேன்.”

திங்கள் காலை, கூப்பிடாமலே பையோடு வந்து நின்றார் கருந்திரையார். ஒவ்வொரு மெஷினாகத் திறந்தார்கள். அப்படியொரு மென்பொருளே இல்லை என்றது ஒவ்வொன்றும். அவளுடையது மட்டும் சாவகாசமாகத் திறந்து, போன வாரம் பாதியில் விட்ட பக்கத்தைக் காட்டியது.

“அந்த மெஷினுக்கு நான் கொஞ்சம் கூடுதலாவே மந்திரம் சொல்லியிருந்தேன்,” என்றார் அவர்.

“மத்தது என்ன பாவம் பண்ணிச்சு?” என்றபடி அடுத்த மெஷினில் உட்கார்ந்தாள். “ஃபேன் ஓடட்டும். எல்லாரும் கண்ணைத் திறந்தே பாருங்க.”

ஒரு வரி அடித்தாள். மருந்துக்கடைக்காரர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே மென்பொருள் வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு அந்த மற்ற வரியைத் திரைக்குக் கொண்டுவந்தாள். மெய்ப்பு அண்ணன் இந்தத் தடவை எழுத்துக்கூட்டாமல், உரக்கவே படித்தார்.

“இது எதுக்குங்கய்யா?” என்று அவள் கேட்டாள்.

“ஒரு டீ குடிச்சுட்டு வந்து சொல்றேன்,” என்று எழுந்தார் கருந்திரையார். பையையும் எடுத்துக்கொண்டேதான் டீ குடிக்கப் போனார்.

முதலாளி தொண்டையைச் செருமினார்.

“தெரியாமப் போச்சும்மா. நீ எங்கயும் போக வேணாம். உன் கை ராசியான கை.”

“நம்ம கடை மெஷினையும் ஒருதடவை தொட்டுக் குடும்மா,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

யாரோ ஃபேனை நிறுத்தினார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

“முதலாளி,” என்றாள். “முதல்ல கண்ணைத் திறங்க.”