ஒரு நாளைக்கு அரைப் பக்கம்

பிள்ளைகள் எல்லாம் வீட்டில் புத்தகம் வாசிக்க வேண்டும் என்று கல்வி அலுவலகம் ஒருநாள் நல்ல முடிவு ஒன்று எடுத்தது. இதில் யாருக்கும் தகராறு இல்லை. முடிவு எடுத்த கையோடு சும்மா இருந்திருந்தால் நமக்கு இந்தக் கதையும் இல்லை. ஆனால் அலுவலகம் என்று ஒன்று இருந்தால் படிவம் என்று ஒன்று இல்லாமல் போகுமா?

மூன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது பதினாறு பக்கத்தில் ஒரு படக்கதை. ஒட்டகச்சிவிங்கிக்கு விக்கல் வந்துவிடுகிறது. கழுத்து நீளம் என்பதால் கீழே கிளம்பிய விக்கல் மேலே வந்து சேரக் கால் மணி நேரம் ஆகிறது. அதற்குள் அடுத்தது கிளம்பிவிடுகிறது. இந்தப் பதினாறு பக்கத்துக்குத் துணையாக வந்த 'இல்ல வாசிப்புப் பதிவேடு' நாற்பத்தெட்டுப் பக்கம். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வாசித்த பகுதி, வாசித்தவரின் முகபாவம், கடைசியாக 'உடன் அமர்ந்து கேட்டேன்' என்று பெற்றோரின் கையெழுத்து. நாளொன்றுக்கு அரைப் பக்கம் வீதம் முப்பத்திரண்டு நாள். முப்பத்துமூன்றாம் நாள் பள்ளிக்கூடப் பீரோ திறக்கப்பட்டு இரண்டாம் புத்தகம் வழங்கப்படும்.

சலூன்காரரின் மகள் அந்த வகுப்பில்தான் படித்தாள். ஆள் சிறுசு, காரம் ஜாஸ்தி என்பதால் வீட்டிலும் தெருவிலும் அவளுக்குப் பெயர் மிளகு. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அப்பாவின் கடைக்கு வந்து, காலியாக இருந்த சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்தாள். கால் மணி நேரத்தில் பதினாறு பக்கமும் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலி அரைச் சுற்றுச் சுற்றியது.

"அப்பா, கடைசில அந்த விக்கல் என்னாச்சு தெரியுமா?"

"அப்புறம் சொல்லும்மா, கையில கத்தி இருக்கு" என்றார் சலூன்காரர்.

ராத்திரி கடையைச் சாத்துவதற்கு முன் பதிவேட்டை நிரப்பினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். வாசித்த பகுதி: 1 முதல் 16 வரை. முகபாவம்: சிரிப்பு. கையெழுத்தும் போட்டார். மறுநாள் காலையில் மிளகு அதைக் கொண்டுபோய்க் காட்டியதுமே, அவரைக் கையோடு அழைத்துவரப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?" வகுப்பு டீச்சரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இன்னைக்கு அரைப் பக்கம்தானே?"

"அவ முழுசா படிச்சு முடிச்சுட்டா டீச்சர்."

"அதான் பிரச்சனையே. மீதி முப்பத்தொரு நாளைக்கு என்ன எழுதுவீங்க?"

"அடுத்த புக்கைக் குடுங்க, படிக்கட்டும். ராத்திரி பூரா அதையேதான் கேட்டுட்டு இருந்தா."

டீச்சர் அவரை ஹெச்.எம். அறைக்கு அழைத்துப்போனார். ஹெச்.எம். சுற்றறிக்கையை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். வாசிக்காத பிள்ளையை என்ன செய்வது என்று அதில் எட்டு வழி சொல்லியிருந்தது. வாசித்த பிள்ளையை என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. அலுவலகத்துக்குக் கடிதம் போனது. மூன்றாம் நாள் பதில் வந்தது: 'மேற்படி மாணவியை வாசிக்காத நிலைக்குக் கொண்டுவந்து, முறைப்படி மீண்டும் தொடங்கச் செய்யவும். இனி இதுபோல் நிகழாவண்ணம் அனைத்துப் பிரதிகளிலும் எஞ்சிய பக்கங்களைப் பின் அடித்து மூடவும்.'

நாற்பது புத்தகங்களுக்கும் ஸ்டேப்ளர் பின் அடிக்கப்பட்டது. தினம் காலையில் டீச்சர் தேவைக்கேற்ப ஒரு தாளைப் பிரித்துவிட்டு, மீதியைத் திரும்ப மூடுவார். அதற்கே முதல் இரண்டு பாடவேளை சரியாக இருந்தது. மிளகு 'விரைவு வாசிப்புக் கட்டுப்பாட்டுக் குழு'வில் சேர்க்கப்பட்டாள். அந்தக் குழுவில் அவள் ஒருத்திதான். சலூன்காரர் ஓர் உறுதிமொழியும் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஹெச்.எம். சொல்லச் சொல்ல எழுதினார்: 'கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள என் மகள் இனிமேல் ஆசைப்பட மாட்டாள்.'

"மீறினா?" என்று கேட்டார்.

"இரண்டாம் புத்தகம் கிடையாது" என்றார் ஹெச்.எம்.

அந்த ஒரு வார்த்தையில் சலூன்காரர் மடங்கிப்போனார். மகள் காலண்டரில் முப்பத்துமூன்றாம் நாளைச் சுற்றி ஏற்கெனவே வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"எனக்குத்தான் தெரியுமே, நான் எப்படிப்பா வியப்பு காட்டுறது?" என்று மறுபடி தொடங்கிய முதல் நாள் கேட்டாள்.

"கண்ணை நல்லா விரிச்சு வெச்சுக்கோ. மீதியை நான் எழுதிக்கிறேன்."

அப்படியே தினமும் அவள் மூலையில் உட்கார்ந்து அரைப் பக்கத்தைப் பார்த்துக் கண்ணை விரித்தாள். அவர் ஒரு கையில் சீப்போடு இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டார். இந்தக் கஷ்டமெல்லாம் தெரியாத ஒருவர் உண்டு. தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர், கடைக்குப் பழைய வாடிக்கை. அவர் மகனும் அதே வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெட்ட உட்கார்ந்தவர், மடியில் பதிவேட்டை விரித்து, இரண்டு பேனாவால் முப்பத்திரண்டு நாளையும் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டார். மகிழ்ச்சி, வியப்பு, மகிழ்ச்சி, வியப்பு, நடுவில் நம்பும்படியாக ஒரு லேசான சோகம்.

"பையன் படிச்சானா?" என்று கேட்டார் சலூன்காரர்.

"புக்கா? அது மேசை ஆடுதுன்னு கால்ல வெச்சிருக்கோம். பதிவேடுதாங்க முக்கியம்."

அந்த வாரமே அந்தப் பையனுக்கு 'சிறந்த வாசகர்' பேட்ஜ் குத்தப்பட்டது. தினமும் காலையில் டீச்சர் கேட்கும்போது புத்தகம் வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்வான். அதுவும் பொய் இல்லை.

இருபதாம் நாள், வாசிப்பு ஊக்குவிப்பு அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பிள்ளைகள் செய்ய வேண்டிய கற்றல் செயல்பாடுகள் உடனே பெற்றோருக்குப் பிரித்துக்கொடுக்கப்பட்டன. சலூன்காரருக்கு ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து வந்தது. கடையை ஒரு நாள் மூடிவிட்டு, அட்டையில் ஏழடிக் கழுத்து செய்து, புள்ளி எல்லாம் வைத்துக் கொண்டுபோனார். வாசல் வழியாக அது நுழையவில்லை. ஆகவே அவர் வெளியே நின்று ஜன்னல் வழியாக உள்ளே நீட்டிப் பிடித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யப்பட்டது.

அதிகாரி வந்தார். போட்டோவுக்காக இரண்டு வரி வாசித்துக்காட்டலாம் என்று புத்தகத்தை எடுத்தார். போட்டோ எடுத்து முடிந்தும் அவர் நிறுத்தவில்லை. பாவம், அவரும் ஒரு காலத்தில் பிள்ளையாக இருந்தவர்தானே. பத்தாம் பக்கத்தில் குரங்கு வைத்தியர் மரத்தில் ஏறி, 'இந்த விக்கலுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது' என்று ஒட்டகச்சிவிங்கியின் காதில் ரகசியம் சொல்கிறார். அதிகாரி ஆவலாகப் பக்கத்தைத் திருப்பினார். திரும்பவில்லை.

"மீதி எங்க?"

"பின்ல இருக்கு சார். உங்க உத்தரவுப்படிதான்" என்றார் ஹெச்.எம்.

"பிரிங்க."

"எழுத்து மூலமா உத்தரவு குடுத்தா பிரிச்சுடலாம் சார்."

"எழுத்து மூலமான்னா நான் தலைமை அலுவலகத்தைக் கேக்கணுமே" என்று அதிகாரி கவலைப்பட்டார். "சரி, வாயால சொல்லுங்க. விக்கல் எப்படி நின்னுச்சு?"

ஹெச்.எம். டீச்சரைப் பார்த்தார்.

"தினம் நாற்பது பதிவேடு சார், நாற்பது முகபாவம்" என்றார் டீச்சர் அழாத குறையாக. "கதை படிக்க எனக்கு எங்க சார் நேரம்?"

பேட்ஜ் குத்திய பையனை எழுப்பினார்கள். "விக்கல் எப்படிப்பா நின்னுச்சு?"

"வியப்பு சார்" என்றான் அவன்.

"எனக்குத் தெரியும் சார்" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

ஜன்னலில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து கிடுகிடுவென்று ஆடியது. உறுதிமொழி போச்சு, புத்தகமும் போச்சு என்று நினைத்துக்கொண்டார் வெளியே நின்ற சலூன்காரர்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாதே" என்றார் ஹெச்.எம். கண்டிப்பாக.

"அதை அப்புறம் பார்க்கலாம். நீ சொல்லும்மா" என்றார் அதிகாரி.

மிளகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அடுத்த புக் குடுங்க சார், சொல்றேன்."

அதிகாரி வெளியே எட்டிப் பார்த்தார், உள்ளே பார்த்தார். பிறகு, தூசி தட்டுவதற்காகத் திறக்கப்பட்டது என்று எழுதிக்கொள்ளச் சொல்லி, பீரோவைத் திறக்க உத்தரவிட்டார். திறந்தார்கள். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை புத்தம் புதுப் பதிவேடுகள். இரண்டாம் புத்தகத்துக்கான பதிவேடு, மூன்றாம் புத்தகத்துக்கான பதிவேடு, அப்படியே ஏழு வரை.

"புக் எங்கய்யா?"

"இன்னும் அச்சடிக்கலையாம் சார். பதிவேடு அடிச்சதுலயே காகிதம் தீர்ந்துபோச்சாம்" என்றார் ஹெச்.எம்.

மிளகு பீரோவுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். கையை விட்டும் துழாவினாள். இருபது நாளாகக் கண்ணை விரித்து விரித்துக் காத்திருந்த பிள்ளை. அவள் முகம் சுருங்கியது. கழுத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடிவிடலாமா என்று இருந்தது சலூன்காரருக்கு.

"அப்ப நான் சொல்ல மாட்டேன்" என்று அவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், மிட்டாய் தருவதாகச் சொன்னார்கள். பலிக்கவில்லை. அதிகாரி அறிக்கை எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்: 'கதையின் முடிவை அறியும் ஆர்வம் மாணவர், ஆசிரியர், அலுவலர் என எல்லா மட்டத்திலும் தூண்டப்பட்டுள்ளது. திட்டம் முழு வெற்றி.'

சாயங்காலம் அப்பாவும் மகளும் நடந்து வந்தார்கள்.

"அவங்க கிடக்குறாங்க, விடும்மா. இந்த வாரமே உனக்கு நான் ரெண்டு புக் வாங்கித் தர்றேன்."

"நிஜமாவாப்பா?"

"நிஜமா." சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார். "அது இருக்கட்டும், எனக்கு மட்டும் சொல்லு. அந்த விக்கல் எப்படித்தான் நின்னுச்சு?"

மிளகு நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"என்னப்பா என்னைக் கேக்குற? பக்கத்துல உக்காந்து கேட்டேன்னு நீதானே தினமும் கையெழுத்துப் போட்ட?"

புத்தகம் அவள் பையில்தான் இருந்தது. பின்னைப் பிரிக்க ஒரு நிமிஷம், படிக்க ஐந்து நிமிஷம். ஆனால் கடை வாசலில் மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆள் மீட்டர்காரர். பள்ளிக்கூடத்தில் நடந்தது அதற்குள் தெரு முழுக்கப் பரவியிருந்தது.

"உங்க பொண்ணுக்குத்தான் தெரியுமாமே!" நாற்காலியில் சாய்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார். "உங்ககிட்ட சொல்லியிருப்பாளே. எப்படிங்க நின்னுச்சு?"

சலூன்காரர் துண்டை உதறி அவர் கழுத்தைச் சுற்றி இறுக்கமாகக் கட்டினார்.

"உரிய நேரத்துல தெரிவிக்கப்படும்" என்றார். "தலையை ஆட்டாதீங்க."