பாகைமானி அக்காவும் என் வலது முட்டியும்

எண்பதுகளில் டெக்ஸாஸ் ரிச்சர்ட்சனில் இருந்த தமிழர்களில் யாருடைய முட்டியையாவது பாகைமானி அக்கா அளக்காமல் விட்டிருந்தால், அந்த ஆசாமி அப்போது ஊரிலேயே இல்லை என்று அர்த்தம்.

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது யாருக்கும் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர்; எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, இரண்டு நீளக் கைகள் வைத்த பிளாஸ்டிக் பாகைமானி ஒன்று கட்டாயம் இருக்கும். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கிற சாமான். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் ஒருவர் நிம்மதியாக சாம்பார் ஊற்றிக்கொள்ள முடியாது.

"கையை மேல தூக்குங்கோ. இன்னும்... என்ன, அவ்வளவுதானோ?"

அவர் கரண்டியும் கையுமாக நிற்க, அக்கா அளந்து, வாய்க்குள் 'ச்சு' கொட்டி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய பயிற்சியையும் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அதற்குள் சாம்பார் ஆறிப் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அபார்ட்மென்ட் பார்க்கிங் லாட்டில் வலை கட்டி வாலிபால் ஆடுவோம். வாரம் ஐந்து நாள் டெலிபோன் கம்பெனி நாற்காலியோடு ஒட்டிக் கிடந்துவிட்டு, ஞாயிறு காலை புளியோதரையை மூக்குப் பிடிக்கத் தின்று, அந்த வயிற்றோடு எகிறிக் குதிக்கிற கூட்டம் நாங்கள். அக்கா ஓரத்தில் நின்று கத்துவார்.

"முதல்ல பத்து நிமிஷம் நடவுங்கோ! காலை நீட்டி இழுத்து விடுங்கோ! பிறகு குதியுங்கோ!"

"அக்கா, நாங்கல்லாம் மெட்ராஸ்ல மொட்டை வெயில்ல ஆடினவங்க. எங்களுக்குப் போய் warm up-ஆ?" என்று வாயைக் கொடுத்தவன் அடியேன்தான். அடுத்த பந்துக்கு எகிறினேன். தொடை பிடித்துக்கொண்டது. வலது முட்டி நேராகக் கான்க்ரீட்டில் இறங்கியது. முட்டிச் சில்லில் விரிசல். தொடையிலிருந்து கணுக்கால் வரை ஆறு வாரம் மாவுக்கட்டு.

அதோடு போயிருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். கட்டைப் பிரித்தபோது மாயவரத்தில் எனக்குக் கல்யாணத்துக்குப் பத்து வாரம்தான் பாக்கி. முட்டியோ நாற்பது டிகிரிக்கு மேல் மடங்க மாட்டேன் என்கிறது. வீட்டுக்கு நான் எதையும் சொல்லவில்லை. அப்பாவிடமிருந்து ஏரோகிராம் வந்தது: 'அமெரிக்காவில் இருந்தாலும் பையன் மணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முறைப்படி செய்வான் என்று பெண் வீட்டாரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.' மணையில் உட்காருவது என்றால் ஹோமப் புகையில் இரண்டு மணி நேரம் சம்மணம். மாப்பிள்ளை நாற்காலி கேட்டால் என்ன ஆகும்? 'பையனுக்குக் கால் ஊனமாம், மறைச்சுட்டாங்க' என்று முகூர்த்தத்துக்கு முன்பே பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். போட்டோவில் மட்டுமே பார்த்த அந்தப் பெண்ணை இழக்க எனக்கு மனசே இல்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாரும் எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். அக்கா மட்டும், "இந்தக் காலால உங்களுக்கு என்ன செய்யோணும்?" என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை. என் ஃபைலில் 'இலக்கு' என்ற இடத்தில், 'தரையில் சம்மணமிட்டு இரண்டு மணி நேரம்' என்று இங்கிலீஷில் எழுதினார்.

அதற்குப் பிறகு என் உயிரை வாங்கினார். குதிகாலுக்கடியில் ஒரு துண்டைப் போட்டு, வழவழப்பான தரையில் காலை உள்ளே இழு, நீட்டு, இழு.

"ஐயோ அம்மா!"

"கத்தாதேங்கோ தம்பி, நான் இன்னும் தொடவேயில்லை."

"போதும்க்கா, விட்டுடுங்க."

"காணாது."

அவர்கள் ஊரில் போதாது என்பதற்கு அதுதான் சொல். ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்டேன். ஆபீசுக்கே போன் போட்டு, "மேசைக்குக் கீழ மடக்குறியளோ, சும்மா இருக்கிறியளோ?" என்பார்.

ஆறாவது வாரம் நூற்றுப் பத்து டிகிரி வந்தது. அக்காவின் மேலதிகாரி பாப் ஃபைலை மூடினார். ஆறடி மூன்றங்குலம், காலேஜில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவர். "படி ஏறுகிறார், கார் ஓட்டுகிறார், நாற்காலியில் உட்காருகிறார். சிகிச்சை முடிந்தது. கையெழுத்துப் போடு" என்றார். அக்கா பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒரு எஞ்சினியர் எதற்காகத் தரையில் உட்கார வேண்டும்?"

"அவருக்கு வேணும். அது காணும்" என்று முதலில் தமிழில் சொன்னார். காணும் என்றால் போதும்; கோபம் வந்தால் அவருக்குத் தமிழ்தான் முந்தும். பிறகு இங்கிலீஷில் சொன்னார். பாப் முடியாது என்று தலையை ஆட்டினார். அக்கா அடுத்த நிமிஷம் அவர் அறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து புட்டும் சம்பலும் சாப்பிட ஆரம்பித்தார். கையெழுத்து வேண்டுமானால் இறங்கி வந்து, இதே மாதிரி உட்கார்ந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். வாசலில் நின்ற நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். என் ஒரு முட்டிக்காக இந்தம்மா வேலையைத் தொலைக்கப் போகிறாரே!

பாப்புக்கு ரோஷம் வந்துவிட்டது. மேஜையைப் பிடித்து ஒரு முட்டி, நாற்காலியைப் பிடித்து இன்னொரு முட்டி என்று ஒருவழியாகத் தரைக்கு வந்தார். முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் நின்றன. பிறகு எழுந்திருக்க வரவில்லை. அக்கா டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்து, பாகைமானியை எடுத்தார்.

"தம்பி, இங்க வந்து பாருங்கோ! இந்த மனுசனுக்கு இடுப்பு உங்கட முட்டியைவிட மோசம்!"

நொண்டி நானும் அக்காவுமாகச் சேர்ந்து அவரைத் தூக்கி நிறுத்தினோம். மறுநாள் என் ஃபைலில் இன்னும் மூன்று வாரம் சேர்ந்திருந்தது. பக்கத்துப் பாயில் பாப், ஒரு துண்டோடு. இரண்டே நாளில் அவருக்கும் 'காணாது' என்ற தமிழ்ச் சொல் மனப்பாடம்.

ஊருக்குக் கிளம்பும் அன்று, நீலக்கோடு போட்ட ஆஸ்பத்திரித் துண்டு ஒன்றை அக்கா என் கையில் திணித்தார்.

"மடிச்சு இடுப்புக்குக் கீழ வையுங்கோ, முட்டிக்குப் பாரம் குறையும். திருப்பிக் கொண்டு வரோணும், ஆஸ்பத்திரிச் சாமான்."

மணையில் இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவளைத் தவிர.

"கீழ என்னது அது?" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"அப்புறம் சொல்றேன்" என்றேன். பட்டு வேட்டிக்கடியிலிருந்து எட்டிப் பார்க்கும் நீலக்கோடு கல்யாண ஆல்பத்தில் இன்றும் இருக்கிறது.

திரும்பி வந்து மனைவியோடும் துண்டோடும் போய் நின்றேன். அக்கா அவளை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். என்னைத் தரையில் உட்கார்ந்து காட்டச் சொன்னார். அளந்தார். அதன் பிறகே கையெழுத்துப் போட்டார்.

அக்கா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. போன மாதம் என் இடது முட்டி மக்கர் பண்ணியது. இளம் தெரபிஸ்ட் ஒருவன், போனையே முட்டியில் வைத்து அளந்துவிட்டு, "நூற்றுப் பத்து. உங்கள் வயதுக்கு இதுவே அதிகம். இனிமேல் வர வேண்டாம்" என்றான். தரையில் உட்கார வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டான்.

"எனக்கு வேணும். அது காணும்" என்றேன், யாழ்ப்பாணத் தமிழில், சத்தமாகவே. பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத்தான் அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க வேண்டும் போலிருந்தது.